டூ வீல் டிரைவ் வண்டியை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலும் அதை விற்றுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டியே வாங்குவதுதான் லாபம்.

டூ வீல் டிரைவில் எஞ்சின் இரண்டு சக்கரங்களை மட்டும் சுழற்றுகிறது. மற்ற இரண்டும் சும்மா உருள்கின்றன. ஃபோர் வீல் டிரைவில் நான்கும் தரையைப் பற்றித் தள்ளும். வழுக்குப் பாறையில் கால்களோடு கைகளையும் ஊன்றி ஏறுவது போல: உடம்பின் பலம் அதேதான், பிடிமானம்தான் கூடுகிறது.

பின்சக்கரம் இழுக்கும் பிக்கப் வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன்பக்கம் போக இன்னொரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (அந்தப் பலத்தைக் கொண்டுபோகும் சுழல் தண்டு), முன் டிஃபரென்ஷியல் (பலத்தை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் கியர் தொகுதி), ஆக்ஸில் (சக்கர அச்சு), புது ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) எல்லாம் வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வழிமறித்தால் அதையும் மாற்றணும். முன், பின் டிஃபரென்ஷியல்களின் கியர் விகிதம் (ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற கணக்கு) ஒன்றாக இருப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடைந்துவிடும். அதே மாடல் ஃபோர் வீல் டிரைவிலும் வந்திருந்தால் பாகங்கள் பொருந்தும். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஷாஃப்ட் போகவே பெரும்பாலும் இடமிருக்காது, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, பிரேக் எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களுக்கும் உண்டு.