அப்பாவுக்கு சிபில் குறைவு என்றால் மகளுக்குக் கல்விக்கடன் கிடையாதா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், கட்டுமான நலவாரிய அட்டை வைத்திருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. கணவர் பைக் கடனில் தவணை விட்டதால் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) குறைவு என்று சொல்லி வங்கியில் கல்விக்கடன் தர மறுத்துவிட்டார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கல்லூரி ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் தர மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
- திருவட்டாறு வாசகி

பதில்: சகோதரி, இந்தக் கடனை வாங்கப்போவது உங்கள் மகள். நாளை வேலைக்குப் போய் அடைக்கப்போவதும் அவள்தான். பெற்றோரின் சிபிலைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. அது நம் ஊர் வங்கியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எடுத்துச் சொல்ல வலுவான தீர்ப்பு.

வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் மகளின் பெயரில் விண்ணப்பியுங்கள். கூட்டுக் கடனாளியாகக் கணவருக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போடலாம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எனவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டதுமே பல கிளைகளில் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் அரசு அங்கீகரித்த கட்டண அளவுக்குத்தான் கடன் கணக்கிடுவார்கள். வட்டி மானியம் கிடைக்காது. இது தெரிந்து போவது நல்லது.

பதில் வரவில்லையா? நம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அதன் மாவட்ட மேலாளருக்கு ஒரு மனு, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு கொடுங்கள். வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம், கட்டணம் இல்லை. ஆனால் ‘கடன் தரவில்லை’ என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. ‘விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லவில்லை, காரணம் எழுத்தில் தரவில்லை’ என்று எழுதுங்கள்.

கடன் வரும்வரை கைக்கு வரக்கூடிய பணத்தை விடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. தனியார் கல்லூரி என்பது தடையல்ல. கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கணவரின் நலவாரிய அட்டைக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை உண்டு. அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கே. அதற்காக அலைய வேண்டாம்.

சர்டிபிகேட் விஷயத்தில் கல்லூரி செய்வது தவறு. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. மாணவியின் சான்றிதழை அடகுப் பொருள்போல் வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மகள் கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் முதல்வருக்குக் கடிதம் அனுப்பட்டும், நகலை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள். இதுவரை கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா? ரசீது தராமல் வாங்கிய தொகை இருந்தால், தேதியோடு அதையும் கடிதத்தில் எழுதுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதை 1992-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தடை செய்கிறது.

வழக்குச் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ல் பேசுங்கள். மதுரைக் கிளையில் ரிட் மனு போடவும் அங்கேயே வழிகாட்டுவார்கள். பாக்கியைக் காட்டி மகளைப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்றால், கடன் முடிவாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்டு மனு போட வேண்டும்.