ஹாசல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமரா: 80 மிமீக்கு அடுத்து எந்த லென்ஸ்?
தோவாளை பூச்சந்தை ஆட்களும் மாத்தூர் தொட்டிப்பாலமும் எடுக்க 50 மிமீ லென்ஸ் வாங்கவா 150 மிமீ வாங்கவா என்று கேட்கிறீர்கள். 150 வாங்குங்கள். 50 என்பது 35 மிமீ ஃபிலிம் கேமராவின் 28 மிமீ லென்ஸ் மாதிரி நல்ல அகலம்தான், ஆனால் பாலத்துக்கு 80-ஐ வைத்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிடலாம், முகங்களுக்கு 80 பத்தாது.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் பழையது வாங்கும்போது 1 விநாடியில் வைத்து அடித்துப் பாருங்கள், ஷட்டர் மூட நேரமெடுத்து இழுத்தால் சர்வீஸ் செலவு தனி. ஃபில்டர், ஹூட் எல்லாம் அப்புறம், 150-இல் பழைய சி வகைக்கு பே 50 (லென்ஸ் முனையில் ஃபில்டர் மாட்டும் அளவு), பிந்தைய சிஎஃப் வகைக்கு பே 60, மாற்றி வாங்கினால் மாட்டாது.

அதற்கெல்லாம் முன்னால் வெளிச்சத்தை அளக்க ஒரு கை லைட் மீட்டர்! கேமரா பாடியில் மீட்டரே கிடையாது. முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்றை உடனே துடையுங்கள், வீட்டில் தோல் உறையில் வைக்காமல் சிலிக்கா ஜெல்லோடு மூடின டப்பாவில் வையுங்கள், நம்மூர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.