ஒப்பாரியும் ஸ்தோத்திரமும்

ஐயா, ஸ்தோத்திரம்.

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை. போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். 31 வருசம் என்னோடு அடுப்படியில் நின்றவர். அதற்கப்புறம் சபையில் பாட்டு ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. கை எழும்ப மாட்டேன் என்கிறது. ஆராதனை நடத்துகிற தம்பி மைக்கில், "துதிகளின் மத்தியிலேதான் கர்த்தர் வாசம்பண்ணுகிறார். பவுலும் சீலாவும் துதித்தபோதுதான் சிறைக்கதவு திறந்தது. துதிக்காதவர்களுக்கு வாசல் திறக்காது" என்கிறார். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்று கூச்சமாக இருக்கிறது. மனசில்லாமல் கையைத் தூக்கினால் அது பொய்யில்லையா? தூக்காமல் நின்றால் பாவமா?

இன்னொன்று. பலகாரம் வாங்க வருகிற ஆச்சி ஒருவர், "எந்நேரமும் புகழ்ந்துக்கிட்டே இருக்கச் சொல்லுதே உங்க சாமி, அவருக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

அந்தத் தம்பி சொல்கிற வசனத்திலேயே ஆரம்பிக்கிறேன். அது வேதத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில், 22ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம்: "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." வேதத்தைத் திறந்து அதற்கு மேலே இருக்கிற இரண்டு வசனங்களைப் பாருங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்ன அதே வரி. அடுத்தது, பகலிலே கூப்பிடுகிறேன், நீர் உத்தரவு கொடுக்கவில்லை, இரவிலும் எனக்கு அமைதலில்லை என்கிற புலம்பல். அதற்கும் அடுத்த மூச்சில்தான் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவர் வருகிறார். அதைச் சொன்ன ஆள் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கதறிக்கொண்டிருந்தவர். நம் மேடைகளில் முதல் இரண்டு வசனங்களை வெட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிட்டோம்.

அந்தச் சங்கீதம் எனக்கு விளங்கியது என் அப்பத்தாவால்தான். தேவகோட்டையில் ஐயா, என் தாத்தா, செத்துக் கிடந்த அன்றைக்கு ஜெபிக்க வந்த உபதேசியார், "ஒப்பாரி வேண்டாம், கிறிஸ்தவ வீடு, கீர்த்தனை பாடுங்கள்" என்றார். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. அவர் தெருமுனை தாண்டுகிறவரை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தது. முதலில் ஐயாவைப் பாடியது. அவர் நடை, அவர் வேட்டி, சந்தைக்குப் போனால் மிட்டாய் இல்லாமல் திரும்பாத கை. கொஞ்ச நேரத்தில் ஆள் மாறிவிட்டது. ஏசப்பாவைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தது. நீர் குருடனுக்குக் கண் கொடுத்தவராச்சே, விதவை மகனை எழுப்பினவராச்சே, என் வாசலை மட்டும் எப்படி மறந்தீர்?

அந்த "ஆச்சே" இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனையோ வருசம் யோசித்திருக்கிறேன். "நீங்க நல்லவராச்சே" என்று ஒருவரிடம் சொன்னால் அது புகழ்ச்சியா, குறையா? இரண்டும்தான். நல்லவர் என்று நம்புகிறவளுக்குத்தான் அப்படிக் கேட்க வாய் வரும். 22ஆம் சங்கீதம் நான்காம் வசனம் அதையேதான் செய்கிறது: எங்கள் பிதாக்கள் உம்மிடத்தில் நம்பிக்கை வைத்தார்கள், அவர்களை நீர் விடுவித்தீர். அப்பத்தா பாஷையில், அவர்களை விடுவித்தவராச்சே! அன்றைக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததை உபதேசியார் கேட்டிருந்தால் ஒப்பாரி என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அது ஆராதனை.

சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் பெயர் தெஹில்லீம். துதிகள் என்று அர்த்தம். உள்ளே இருக்கிற 150இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடுகள். 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை ஒரு ஆறுதல் வரிகூடக் கிடையாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே "இருள்". அதையும் கழித்துவிடாமல் துதிகள் என்ற அட்டைக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அடுத்து பவுலும் சீலாவும். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் இரண்டு பேர் பாடுகிறார்கள். மற்றக் கைதிகள் "கேட்டுக்கொண்டிருந்தார்கள்". பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது, "எல்லாருடைய கட்டுகளும்" கழன்றது. பாடினவர்களுடைய கட்டு மட்டுமல்ல, சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்களுடையதும். நீங்கள் இப்போது அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறீர்கள். இன்னொரு வேடிக்கை, கதவு திறந்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று பவுல் சத்தம் போட்டுச் சொல்கிறார். கதவு திறப்பதற்காகப் பாடியிருந்தால் திறந்ததும் ஓடியிருக்க மாட்டார்களா?

துதித்தால் இன்னது கிடைக்கும் என்கிற பேச்சு நம் ஊர்ப்பக்கம் சீக்கிரம் எடுபடும். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று பேரேடு எழுதிப் பர்மாவரை போய் வந்த சீமை இது. வட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஆராதனையையும் முதலீடாக விளக்கிவிடலாம். ஆனால் வேதத்தில் இந்தக் கணக்கைப் போடுகிறவன் யார் தெரியுமா? யோபு முதல் அதிகாரத்தில் சாத்தான். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று கேட்கிறான். ஆதாயம் இல்லாமலா கும்பிடுகிறான் என்று அர்த்தம். தம்பிக்கு அந்த நினைப்பு இருக்காது. சின்ன வயது, கேட்டதைச் சொல்கிறார். அவரிடம் கோபப்பட வேண்டாம்.

கீபோர்டு, டிரம்ஸ் சத்தம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று எனக்கு எழுதுகிறவர்களும் உண்டு. நானே வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்து, சத்தம் கூடிப்போச்சே என்று முணுமுணுக்கிற வயதுக்கு வந்தவன்தான். ஆனால் 150ஆம் சங்கீதம் எக்காளத்தில் தொடங்கிப் பேரோசையுள்ள கைத்தாளத்தில் வந்து நிற்கிறது. சத்தத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

கை விஷயம். எழும்பாத கையைத் தூக்க வேண்டாம். அது பாவமில்லை. சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போன இடத்தில் இயேசு கண்ணீர் விட்டார், யோவான் 11:35. அதே இடத்தில் ஆறு வசனம் தள்ளி, "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அழுகையைத் துடைத்துவிட்டு வா, பிறகு துதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அல்லேலூயா என்ற சொல்லுக்குக்கூட "கர்த்தரைத் துதியுங்கள்" என்று அர்த்தம். பன்மை. பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொல்கிற சொல். உங்கள் முறை வருகிறவரை மற்றவர்கள் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் மடியில் 22ஆம் சங்கீதம் திறந்திருக்கட்டும், முதல் வசனத்திலிருந்து.

ஆச்சியின் கேள்வி நல்ல கேள்வி. 50ஆம் சங்கீதத்தில் கடவுளே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." பலகாரக்காரரான உங்களுக்கு இந்த வரி பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று ஆச்சியிடம் தாராளமாகச் சொல்லலாம். பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் போற்றி சொல்லிவிட்டு வருகிற ஆச்சிக்கு, அது பிள்ளையாருக்குப் போதாமல் சொன்னதில்லை என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். உங்களைச் சீண்டிப் பேச வைக்கத்தான் கேட்டிருப்பார். வீட்டுக்காரர் போனபிறகு நீங்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லையோ என்னவோ.

துதிக்க வரவில்லை என்று இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் வரியில் "ஸ்தோத்திரம்" என்று இருக்கிறது. பழக்கத்தில் எழுதினேன் என்பீர்கள், அச்சில் மாவை வைத்ததும் கை தானாகப் பிழிகிற மாதிரி. இருக்கட்டும்.