வாசகர் கேள்வி: கதிர்வீச்சுச் சிகிச்சையின் பில்லை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் தாயாருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு தனியார் மருத்துவமனை ஒன்றில் 30 சிட்டிங் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். வலங்கைமானிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்று வந்தோம். முதல் சிட்டிங்குக்கு முன்பே முகமூடி, சிமுலேஷன், பிளானிங் என்று பெருந்தொகை வாங்கினார்கள். நாங்கள் போனது 28 நாள். பில்லில் 30 என்று இருக்கிறது. காப்பீட்டு நிறுவனமோ, படுக்கையில் சேரவில்லை என்றும், கோப்பிலுள்ள குறியீட்டின்படி நோய் முன்பே தீர்ந்துவிட்டது என்றும் காரணம் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டது. என்ன செய்வது?

– வாசகர், வலங்கைமான்

பதில்: உங்கள் தாயார் நல்லபடியாகத் தேறி வர வேண்டும். முன்கூட்டியே வாங்கிய தொகையைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் பக்கத்தில் இதனைக் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வதாலோ என்னவோ, கருவி இயங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சிகிச்சை என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. உண்மையில் பெரும்பகுதி வேலை அதற்கு முன்பே நடந்து முடிகிறது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் படியவைத்து முகமூடி செய்கிறார்கள். அதை அணிவித்தபடியே சி.டி. ஸ்கேன் எடுப்பதுதான் சிமுலேஷன். அந்தப் படங்களில் கதிர் பட வேண்டிய இடத்தையும், படக்கூடாத தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவற்றையும் மருத்துவர் வரைந்து கொடுக்க, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டுக் கருவியில் சரிபார்க்கிறார். ஆகவே இவை தனித்தனியே பில்லில் வருவது முறையானதே. ஆனால் சிகிச்சைக்கு நடுவில் முகமூடியோ திட்டமோ மாற்றப்படாத நிலையில் இவை இரண்டாம் முறையும் பில்லில் இருந்தால், அதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

நாள் கணக்கையும் சிட்டிங் கணக்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி பழுதாகியோ விடுமுறை குறுக்கிட்டோ சிகிச்சை தடைப்பட்டால், அதை ஈடுகட்ட ஒரே நாளில் காலையும் மாலையும், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு, இருமுறை கதிர் கொடுப்பதுண்டு. ஒவ்வொரு சிட்டிங்கின் தேதியும் கதிரளவும் பதிவாகியிருக்கும் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தாயாருடையதைப் போன்ற சிகிச்சையில் 30 சிட்டிங்கில் மொத்தம் 60 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) கொடுப்பது வழக்கம். பதிவேட்டில் 28 வரிகள்தான் இருக்கின்றன என்றால், மீதி இரண்டுக்கான பணத்தைத் திரும்பக் கேட்பது உங்கள் உரிமை.

இனி மறுப்புக்குச் சொன்ன காரணங்கள். 24 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து கதிர்வீச்சு, கீமோதெரபி, டயாலிசிஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கு அளிக்கின்றன; உங்கள் பாலிசியில் பகல்நேரச் சிகிச்சை பற்றிய பகுதியைத் தேடி, அந்த வரியையே மேற்கோள் காட்டி எழுதுங்கள். இரண்டாவது காரணம்தான் என்னை வருத்துகிறது, ஏனெனில் இது கோப்பில் குறியீட்டை எழுதியவரின் கவனக்குறைவால் நேர்ந்திருக்கக்கூடிய பிழை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் கன்ன உட்சவ்வின் புற்றுநோய்க்கு சி 06.0 என்பது குறியீடு. கதிர்வீச்சுக்காக வருகிற வருகைக்கு இசட் 51.0. கட்டியை அறுத்து எடுத்தாயிற்றே என்று, ‘முன்பு புற்றுநோய் இருந்தவர்’ எனப் பொருள்படும் இசட் 85 வகைக் குறியீட்டைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். அதே இடத்துக்கு இன்னும் சிகிச்சை நடக்கும்வரை அதை நடப்பு நோயாகவே குறிக்க வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் திருத்திய சான்று பெற்று மீண்டும் அனுப்புங்கள்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

கேள்வி: நான் மன்னார்குடியில் இளநிலை அறிவியல் முடித்தவள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை, பயில்கிறேன். கதிர்வீச்சுப் பகுதியில் 77427 என்ற குறியீடு குழப்புகிறது.

– வாசகி, மன்னார்குடி

பதில்: அது மருத்துவர் சிகிச்சையை மேற்பார்வையிடுவதற்கானது, ஐந்து சிட்டிங்குக்கு ஒன்று. அந்த ஐந்தும் அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. கடைசியில் மூன்றோ நான்கோ மிஞ்சினால் இன்னொன்று சேர்க்கலாம். ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் கூடாது. ஆகவே 33 சிட்டிங்குக்கு ஏழு, 32 சிட்டிங்குக்கு ஆறுதான். மருத்துவர் நோயாளியைப் பார்த்து எழுதிய குறிப்பு கோப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஐந்துக்கும் பாருங்கள், தங்கையே. குறிப்பு இல்லையென்றால் குறியீட்டைப் போடாமல் மருத்துவருக்குக் கேள்வி எழுதி அனுப்புங்கள்.