முதுமையைத் தடுக்கும் புரதம் பீடிப் புகையிலிருந்து காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 49. பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் வேலை. இருபது வயதிலிருந்து பீடி பழக்கம், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. காலையில் எழுந்ததும் இருமலும் சளியும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதுமையைத் தடுக்கும் ஒரு புரதம் புகையிலிருந்து நுரையீரலைக் காப்பாற்றும் என்று மகன் போனில் படித்துக் காட்டினான். அதற்கான கேப்சூலும் ஆன்லைனில் கிடைக்கிறதாம். வாங்கலாமா டாக்டர்?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கேப்சூல் வேண்டாம் அய்யா. ஆனால் மகன் படித்தது புரளி இல்லை.

சிர்டுயின்-1 என்ற புரதம் நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. செல்கள் சீக்கிரம் கிழடு தட்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. புகை பிடிப்பவர்களின் நுரையீரலில் இது குறைந்துபோகிறது. 2012-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் சோதித்தார்கள். இந்தப் புரதம் கூடுதலாக இருந்த எலிகளுக்கும், இதைத் தூண்டும் மருந்து பெற்ற எலிகளுக்கும் சிகரெட் புகையால் வரும் எம்பைசீமா என்ற நுரையீரல் நோய் குறைவாகவே வந்தது. மூச்சுக்குழாயின் உள்தோலில் இந்தப் புரதம் நீக்கப்பட்ட எலிகளுக்கோ நோய் முற்றியது. அழற்சி தணிந்ததால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, செல்கள் அகாலத்தில் முதுமையடைவது குறைந்ததால்தான் கிடைத்தது என்றார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். புகை நுரையீரலை அழுக்காக்குவதோடு நிற்பதில்லை, அதற்கு வயதையும் ஏற்றிவிடுகிறது.

எம்பைசீமா என்றால் என்ன? நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவர்கள் இற்றுப்போய், பல அறைகள் ஒன்றாகித் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே இழுத்த காற்று முழுசாக வெளியே வராது. இற்ற சுவரை மறுபடி கட்டித்தரும் மருந்து இன்றுவரை இல்லை. கடையில் விற்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால்தான் இருக்கும். அது மனிதர்களின் நுரையீரலைப் புகையிலிருந்து காக்கும் என்று நிரூபணமாகவில்லை. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பிலேயே இருக்கும் அந்தப் புரதத்தை ஒவ்வொரு பீடியும் கரைக்கிறது. சிகரெட்டைவிட பீடி லேசானது என்று நம் பக்கம் பலர் நம்புகிறார்கள். அது தப்பு. பீடி இலை சரியாக எரியாது, விட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் தாராளமாக உள்ளே போகின்றன.

இப்போது விட்டால் பலன் உண்டா? நிச்சயம் உண்டு. மூச்சுக்குழாயில் லேசான அடைப்பு இருந்த புகைப்பழக்கக்காரர்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, புகையை விட்ட ஆண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறைந்தது. விடாதவர்களுக்குச் சுமார் 66 மில்லி. மாத்திரை எதுவும் இதுவரை தராத பாதுகாப்பு இது.

உங்கள் விஷயத்தில் பீடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கல் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு சிலிக்கோசிஸ் என்ற தனி நோயையே உண்டாக்கும். தூசும் புகையும் சேர்ந்தால் காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். அதனால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் என்ன வேலை செய்கிறீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் பரிசோதனை மூன்றும் உங்களுக்குத் தேவை. சளியில் ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் இந்தத் தூசு நிற்காது, என்95 மாஸ்க் வேண்டும்.

பீடியை விடுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கமும் உதவும், உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. சுருக்கென்று காரம் வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி வேண்டாம்.

ஊதல் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். இன்ஹேலர் தேவையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.