ஃபார்முலா 1 விதிகளில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தும்போது நேரம் இழக்காமல் இலவசமாக டயர் மாற்றிக்கொள்ள விடுகிறார்களே, அதைத்தான்.

2024 மொனாக்கோ பந்தயம். நம்மூர் நேரப்படி ஞாயிறு மாலை ஆறரை மணி. பெரம்பூர் வீட்டில், ரேஸ் பக்கமே தலைவைக்காத மச்சானைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தேன். முதல் சுற்றிலேயே பெரஸ், மாக்னுசன், ஹுல்கென்பர்க் மூவரும் மோதி வண்டிகள் நொறுங்கின. சிவப்புக் கொடி. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் காட்சி அத்தோடு முடிந்துவிட்டது. மழை இல்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. வண்டி நிற்கும் நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் டயரை மாற்றி அந்தக் கடனை அடைத்துவிட்டார்கள். அப்புறம் பிட்டுக்கு, அதாவது பாதையோரம் டயர் மாற்றும் இடத்துக்கு, வர என்ன அவசியம்? முதலிடத்தில் இருந்த லெக்லேர் அதே டயரில் கடைசிவரை உருட்டி ஜெயித்தார். முதல் பத்து பேர் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். ஃபார்முலா 1 வரலாற்றில் அதுவரை நடக்காத ஒன்று. "என்னடா இது, சாமி புறப்பாடா?" என்று கேட்டுவிட்டு மச்சான் டீ போடப் போய்விட்டான்.

பாதுகாப்புக்காகத்தான் மாற்றவிடுகிறோம், உடைந்த துண்டு டயரைக் கிழித்திருக்கலாம் என்பார்கள். நியாயம்தான். சரி, மாற்றட்டும். ஆனால் அதே வகை டயர்தான் போட வேண்டும், அது கணக்கில் சேரக் கூடாது. இரண்டாவது வகைக்கு ஓடுகிற பந்தயத்தில் நேரம் இழந்து பிட்டுக்கு வரட்டும். இதனால் குறுகலான தெருக்களில் ஓடும் மொனாக்கோவில் முந்துவது கூடிவிடாது, எப்போது உள்ளே வருவது என்கிற சூதாட்டமாவது மிஞ்சும்.

அதை விட்டுவிட்டு 2025-இல் மொனாக்கோவுக்கு மட்டும் இரண்டு முறை கட்டாயம் டயர் மாற்ற வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நடந்தது என்ன? ஒரே அணியில் ஒருவர் ஷேர் ஆட்டோ மாதிரி ஊர்ந்து பின்னால் வருகிறவர்களை மறித்தார், இன்னொருவர் அந்த இடைவெளியில் நிம்மதியாக பிட்டுக்குப் போய் வந்தார். ரேசிங் புல்ஸ், வில்லியம்ஸ் இரண்டுமே இதைச் செய்தன. பொறுமை இழந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸ்ஸல், மறித்துக்கொண்டிருந்த வில்லியம்ஸ் ஓட்டுநர் ஆல்பனை வேண்டுமென்றே வளைவில் குறுக்கே வெட்டித் தாண்டி, தண்டனை வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

ஒன்றுக்கு மேல் கேட்கலாம் என்றால் வண்டியின் உடம்பையும் குறைக்கச் சொல்வேன். 2024 வண்டி நம்ம இன்னோவாவைவிட நீளம், அகலமும் கூட. 2026 விதிகளில் அகலம் 10 சென்டிமீட்டர் குறைந்து 1.9 மீட்டர் ஆகியிருக்கிறது, குறைந்தபட்ச எடை 768 கிலோ. நல்லதுதான், ஆனால் 2008-இல் ஓட்டுநரோடு சேர்த்தே 605 கிலோதான்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததே, அங்கே போயிருந்தேன். தினமும் பஸ்ஸில் போகிற ரோடு அது. பொடிசான ஃபார்முலா 4 வண்டிகள் இரண்டு, சுவருக்கு நடுவே தோளோடு தோள் உரச ஒரே வளைவுக்குள் நுழைந்தன. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்றவர்கூட எழும்பிக் குதித்தார்.