மல்லிகை வேரில் முடிச்சு

கேள்வி: எங்களுடையது கடலோர மணல் நிலம். விற்பனைக்காக வளர்க்கும் மல்லிகை நாற்றுகள் மஞ்சளாகி, உச்சிவெயிலில் துவண்டு, மாலையில் தெளிகின்றன. கிணற்றுநீர் உப்பேறிவிட்டதோ என்று நினைத்தேன். பிடுங்கிப் பார்த்தால் வேரெங்கும் மணிமணியாக முடிச்சுகள். நிலக்கடலை வேரில் இருப்பதைப் போன்ற நல்ல முடிச்சுதான் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். உண்மையா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உண்மையன்று. காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தரும் நிலக்கடலையின் நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். உங்கள் நாற்றில் வேரே வீங்கியிருப்பதால், முடிச்சைப் பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள ஈரத்தில் நெளிந்து வேர்நுனியை அடைந்து, வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் துளைத்து உள்ளே புகுந்து, நீர் செல்லும் குழாய்களின் அருகே தன் சுரப்பைச் செலுத்துகிறது. அதனால் அங்குள்ள சில செல்கள் பல மடங்கு பருத்து, செடிக்குப் பயன்படாமல் புழுவுக்கு மட்டும் உணவூட்டத் தொடங்குகின்றன. சுற்றிலும் வேர் வீங்கி நீரோட்டம் தடைப்படுவதால்தான், மண்ணில் ஈரம் இருந்தும் செடி பகலில் வாடுகிறது. பேரிக்காய் வடிவில் உப்பிய பெண்புழு இருந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும்; நம் பகுதி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். புழு எளிதில் நகர இடந்தரும் மணற்பாங்கான நிலம் அதற்கு மிகவும் உகந்தது.

மல்லிகையை அகற்றிவிட்டு அங்கேயே கத்தரியோ மிளகாயோ வைப்பதால் பயனில்லை. அவற்றையும் இப்புழு தாக்கும். இந்தியாவில் இது 1901-இலேயே தேயிலை வேரில் கண்டறியப்பட்டது என்பதிலிருந்து, எத்தனை வகைச் செடிகளில் இது பிழைக்கும் என்பதை உணரலாம்.

உங்களிடம் நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது, முடிச்சுள்ள நாற்று ஒன்றைக்கூட விற்காதீர்கள் என்பதே. உங்கள் பகுதி நாற்றுகள் பல மாவட்டங்களுக்குச் செல்கின்றன. வேர்மண்ணோடு புழுவும் சென்று, வாங்கியவரின் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். முடிச்சுள்ள நாற்றுகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். கோடையில் பாத்தியை நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு இறுக்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் விடுங்கள். பிறகு வேப்பம்புண்ணாக்கு இடலாம். தாய்ச்செடிகளுக்கு இடையே செண்டுமல்லி நடுவதும் நல்லது. அதன் வேரிலுள்ள வேதிப்பொருள் புழுவைக் கட்டுப்படுத்தும்.

உறுதிசெய்துகொள்ள, இராமநாதபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். வேரையும் அதைச் சுற்றியுள்ள ஈரமண்ணையும் பையிலிட்டு, நிழலிலேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் காய்ந்த மண்ணில் புழுக்கள் மடிந்துவிடுவதால் சோதனையில் சரியாகத் தெரியாது.